பதின்மூன்று வெற்றிகளும் ஒரு நிலச் சட்டமும்

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அவர் எத்தனை முறை வென்றார், எந்தெந்த இலாகாக்களை வகித்தார், யாரைத் தோற்கடித்தார் என்னும் விவரங்களைத் தொகுத்துக் கொடுத்த அளவில் தம் கடமை முடிந்ததாகக் கருதிவிடுவது வழக்கம். கேரளத்தின் கே. ஆர். கௌரி அம்மாவைப் பொறுத்தவரை அந்த விவரங்களே பிரமிக்கத்தக்கவை. 1948 முதல் 2011 வரை 63 ஆண்டுகளில் 17 தேர்தல்களில் அபேட்சகராக நின்று, 13 முறை வெற்றியும் 4 முறை தோல்வியும் கண்டவர் அவர். ஆறு மந்திரிசபைகளில் இடம்பெற்றவர். 1957-இல் அமைந்த கேரளத்தின் முதல் மந்திரிசபையில் இருந்த ஒரே பெண்மணி. அந்த மந்திரிசபையினரில் கடைசிவரை உயிரோடிருந்தவரும் அவரே. எனினும் இந்தத் தொகையையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் அவருடைய பெருமையின் பாதிதான் விளங்கும். சட்டமன்றத்துக்குப் போகிறவரின் முதல் வேலை சட்டம் செய்வது என்பதைத் தம் பொதுவாழ்வின் தொடக்கத்திலிருந்தே உணர்ந்து, லட்சக்கணக்கான குடும்பங்களின் காலடியில் இருந்த மண்ணின் உரிமையை மாற்றி எழுதிய ஒரு சட்டத்தின் பொருட்டு உழைத்தாரே, அந்த உழைப்போடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அவருடைய தேர்தல் கணக்குக்கு முழு அர்த்தம் உண்டாகிறது.

காயலுக்கும் கடலுக்கும் நடுவே

ஆலப்புழைக்கு வடக்கே, மேற்கில் அரபிக்கடலும் கிழக்கில் வேம்பநாட்டுக் காயலும் எல்லைகளாக அமைய, இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிய மணற்பரப்பாகக் கிடப்பது சேர்த்தலைப் பிரதேசம். அங்கே தென்னைதான் ஜீவனம். தேங்காய் மட்டையைக் காயல் நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்து அடித்து, நார் பிரித்துக் கயிறு திரிக்கும் தொழிலை நம்பியே அங்குள்ள ஏழைக் குடும்பங்கள் பெரும்பாலும் வாழ்ந்துவந்தன. அந்தக் குடும்பங்களின் குடிசைகள் நின்ற மண் அவர்களுடையதன்று. ஜன்மி என்று சொல்லப்பட்ட நிலக்கிழாரின் தோப்பில், அவருடைய அனுமதியின் பேரில் குடிசை போட்டுக்கொண்டு, அவருக்கு வேலை செய்துவந்த இவர்களைக் குடிகிடப்புக்காரர் என்பார்கள். ஜன்மிக்கு மனம் மாறினால் குடிசை போய்விடும். கூலியைப் பற்றி வாய்திறந்தாலும், சங்கத்தில் சேர்ந்தாலும், தேர்தலில் அவருக்குப் பிடிக்காதவருக்கு வாக்களித்தாலும் இரவோடு இரவாகக் கீற்றைப் பிரித்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். இவர்களுக்கு மேற்படியில், பாட்டம் என்னும் குத்தகையைக் கட்டிப் பயிரிட்டுவந்த குடியானவர்களும், நிலத்தில் எவ்வளவு பாடுபட்டாலும் உரிமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாதவர்களாகவே இருந்தார்கள்.

இந்தப் பிரதேசத்தில், பட்டணக்காட்டில், ஓர் ஈழவக் குடும்பத்தில் 1919 ஜூலை 14-ஆம் தேதி கௌரி பிறந்தார். தந்தையார் ராமன், தாயார் பார்வதி அம்மாள். கல்வியினால் மேன்மையடைக என்று ஸ்ரீ நாராயண குரு விடுத்த உபதேசம் அந்தச் சமூகத்தின் வீடுதோறும் சென்று வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதே அரிதாக இருந்த அந்நாளில், இவர் எர்ணாகுளத்துக்குப் போய்க் கல்லூரியில் பயின்று, பின்னர்த் திருவனந்தபுரத்தில் சட்டமும் படித்துத் தேறினார். ஈழவ சமூகத்திலிருந்து சட்டப் படிப்பை முடித்த முதல் பெண் இவரே. நீதிமன்றத்தில் வழக்குரைத்து நல்ல சம்பாத்தியத்தோடு நிம்மதியாக வாழ்ந்திருக்கக்கூடிய அவரைத் தொழிற்சங்க இயக்கத்தின் பக்கம் இழுத்தவர் அவருடைய தமையனார் சுகுமாரன். கேரளத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியை வேரூன்றச் செய்த பி. கிருஷ்ண பிள்ளையின் தூண்டுதலால் அக்கட்சியின் அங்கத்தினராகவும் ஆனார்.

தோல்வியில் தொடங்கிய வரிசை

1946 அக்டோபரில் புன்னப்பிராவிலும் வயலாரிலும் திருவிதாங்கூர்த் திவானின் ஆட்சியை எதிர்த்துத் தொழிலாளர்கள் எழுந்தபோது ராணுவத்தின் துப்பாக்கிகளுக்குப் பலர் இரையானார்கள். வயலார், சேர்த்தலைத் தாலுகாவைச் சேர்ந்த ஊர். அந்தத் துக்கம் ஆறுவதற்கு முன்பே, 1948-இன் தொடக்கத்தில், சர்வஜன வாக்குரிமையின்படி நடந்த முதல் தேர்தலைத் திருவிதாங்கூர் கண்டது. அதில் காங்கிரஸ் அலையின் முன்னே கம்யூனிஸ்டுகளில் ஒருவரும் தேறவில்லை. சேர்த்தலையில் நின்ற கௌரியும் தோற்றார். அதன்பின் கட்சி தடைசெய்யப்பட, சிறைவாசமும் வந்தது. அந்நாட்களில் போலீஸ் காவலில் தாம் பட்ட கொடுமைகளைப் பிற்காலத்தில் அவர் கூச்சமின்றிப் பகிரங்கமாகப் பேசினார்.

சிறையிலிருந்து வந்தவரை 1952-இல் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்துக்குச் சேர்த்தலை மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1954-இலும் அவர்தாம் வென்றார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி ஐக்கிய கேரளம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில், 126 ஸ்தானங்கள் கொண்ட சட்டமன்றத்தில் கம்யூனிஸ்டுக் கட்சி 60 இடங்களைப் பெற்று, ஐந்து சுயேச்சைகளின் ஆதரவோடு ஆட்சி அமைக்க, 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் முதன்மந்திரியாகப் பதவியேற்றார். பதினொரு பேர் கொண்ட அந்த மந்திரிசபையில், 37 வயதுடைய கௌரி அம்மாவிடம் வருவாய் இலாகா ஒப்படைக்கப்பட்டது. நில விவகாரம் முழுவதும் அந்த இலாகாவுக்குள் அடங்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், புதிய ராஜ்யத்தின் மிகப் பெரிய பொறுப்பு அவருடைய கைக்கு வந்ததென்றே சொல்ல வேண்டும்.

மசோதாவின் பயணம்

பதவியேற்று ஒரு வாரம் ஆவதற்குள், குத்தகையாளரையும் குடிகிடப்புக்காரரையும் நிலத்திலிருந்து வெளியேற்றலாகாது என்று ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. நிலச் சீர்திருத்தம் வரப்போகிறதென்று தெரிந்த மாத்திரத்தில் நிலக்கிழார்கள் செய்யக்கூடிய முதற்காரியம் குடிகளை அப்புறப்படுத்திவிட்டு நிலம் தம் சொந்தச் சாகுபடியில் இருப்பதாகக் காட்டிக்கொள்வதே என்பதை அறிந்தவர்கள் செய்த முன்யோசனை அது. கதவை அடைத்துக்கொண்ட பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில், விவசாய உறவு மசோதாவைக் கௌரி அம்மா சட்டமன்றத்தில் கொணர்ந்தார். குத்தகைக்காரருக்கு நிலைத்த உரிமை, நியாயமான பாட்டம், நிலத்தையே விலைக்கு வாங்கிக்கொள்ளும் வழி, ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளத்தக்க நிலத்துக்கு உச்சவரம்பு, மிகுதியை நிலமற்றோருக்குப் பகிர்ந்தளித்தல் என்பவை அதன் அங்கங்கள்.

அம்மசோதா தெரிவுக் குழுவைக் கடந்து, ஷரத்து ஷரத்தாக விவாதிக்கப்பட்டு, 1959 ஜூன் 10-ஆம் தேதி நிறைவேறியது. ஆனால் வெளியே நிலைமை கொந்தளித்துக்கொண்டிருந்தது. கல்வி மசோதாவையும் நில மசோதாவையும் எதிர்த்து, கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சமூக அமைப்பும் காங்கிரஸும் சேர்ந்து நடத்திய விமோசனப் போராட்டம் உச்சத்தை எட்டியிருந்தது. மசோதா நிறைவேறி இரண்டு மாதம் ஆகுமுன், ஜூலை 31-ஆம் தேதி, மத்திய சர்க்கார் அந்த மந்திரிசபையைக் கலைத்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளின் வாக்கு விகிதம் உயர்ந்தபோதிலும் ஸ்தானங்கள் 29-ஆகக் குறைந்துவிட்டன. அந்தச் சரிவிலும் கௌரி அம்மாவைச் சேர்த்தலை கைவிடவில்லை.

சட்டத்தின் கதி என்னவாயிற்று? ஜனாதிபதி அதைத் திருப்பியனுப்பினார்; புதிய சட்டமன்றம் சில திருத்தங்களோடு மீண்டும் நிறைவேற்றியது; 1961 ஜனவரியில் சம்மதம் கிடைத்தது; அதே ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, வடக்கே காசர்கோடு, ஹோஸ்துர்க் தாலுகாக்களின் ரயத்வாரி நிலங்களைப் பொறுத்தமட்டில் அது செல்லாதென்று தீர்ப்பளித்தது. பின்னர் வேறு மந்திரிசபை 1963-இல் புதியதொரு நிலச் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றிற்று. இடைப்பட்ட காலத்தில் கௌரி அம்மா எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். ஒரு சட்டம் மந்திரியின் கையெழுத்தோடு முடிந்துவிடுவதில்லை, அது நீதிமன்றத்தையும் மத்திய அரசையும் அடுத்த தேர்தலையும் கடந்து வரவேண்டும் என்பதை அந்த ஆண்டுகள் நாட்டுக்குக் கற்பித்தன.

வீட்டுக்குள் வந்த பிளவு

முதல் மந்திரிசபையில் தொழிலாளர் நலனையும் போக்குவரத்தையும் கவனித்துவந்த டி. வி. தாமஸ், ஆலப்புழைத் தொழிலாளர்களின் ஒப்பற்ற தலைவர். மந்திரிகளாக இருந்த காலத்திலேயே, 1957-இல், இருவரும் மணந்துகொண்டார்கள். 1964-இல் கம்யூனிஸ்டுக் கட்சி இரண்டாக உடைந்தபோது தாமஸ் பழைய கட்சியிலே தங்கினார்; கௌரி அம்மா மார்க்சிஸ்டுக் கட்சிக்குச் சென்றார். 1967-இல் ஏழு கட்சிகள் கூடி அமைத்த மந்திரிசபையில் கணவரும் மனைவியும் வெவ்வேறு கட்சிகளின் பிரதிநிதிகளாக அமர்ந்தார்கள். கொள்கையின் பொருட்டு ஏற்பட்ட அந்தப் பிரிவு நாளடைவில் இல்லறத்தையும் பிரித்துவிட்டது. 1977 மார்ச்சில் நடந்த தேர்தலில், தாமஸின் கட்சியைச் சேர்ந்த அபேட்சகரிடமே கௌரி அம்மா தோற்றார். அதே மாதம் தாமஸும் காலமானார். பொதுவாழ்வு ஒருவரிடமிருந்து எவ்வளவு பெரிய விலையையும் கேட்கக்கூடும் என்பதற்கு இதைவிடக் கடுமையான உதாரணம் வேண்டியதில்லை.

இதற்கிடையில் அவருடைய தொகுதியும் மாறியிருந்தது. 1965-இல் சேர்த்தலைக்கு வடக்கே அடுத்திருக்கும் அரூரில் நின்று வென்றார். ஆனால் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாததால் அந்தச் சட்டமன்றம் ஒருநாள்கூடக் கூடாமலே கலைந்தது. 1967-இலும் 1970-இலும் அரூரில் மறுபடியும் வென்றார். பிரதேசம் ஒன்றுதான், கயிற்றுத் தொழிலாளியும் மீனவரும் குடிகிடப்புக்காரரும் நிறைந்த அதே மணல் நாடு.

பத்து சென்ட் பூமி

1967-இல் மறுபடியும் வருவாய் மந்திரியானவுடன், பத்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கித் தடைப்பட்ட காரியத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவதற்கென அவர் கொணர்ந்த மசோதா 1969 அக்டோபரில் நிறைவேறியது. இம்முறையும் அந்த மாதமே மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. ஆயினும், தொடர்ந்து வந்த அச்சுத மேனன் ஆட்சியில் 1970 ஜனவரி 1-ஆம் தேதி அச்சட்டம் அமலுக்கு வந்தது. அன்றுமுதல் கேரளத்தில் ஜன்மி-குடியானவர் முறை சட்டப்படி ஒழிந்தது. பாட்டம் கட்டி உழுதவர் நிலத்தின் உடைமையாளராகும் உரிமை பெற்றார். குடிகிடப்புக்காரர், தம் குடிசையையும் அதைச் சுற்றிக் கிராமமானால் பத்து சென்ட், நகராட்சியானால் ஐந்து சென்ட், பெருநகரமானால் மூன்று சென்ட் நிலத்தையும் குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றாயிற்று.

பத்து சென்ட் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளியளவுகூட இராது. ஆனால் அந்த மண்ணில் நான்கு தென்னங்கன்று வைக்கலாம், ஓர் ஆடு கட்டலாம், சுவர் எழுப்பலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் வெளியேறு என்று சொல்ல முடியாத இடத்தில் இருந்துகொண்டு கூலியைப் பற்றிப் பேசலாம், மனம்போல் வாக்களிக்கலாம். சர்வஜன வாக்குரிமை என்று அரசியல் சட்டம் அளித்த வரம் குடிகிடப்புக்காரருக்கு மெய்யாகவே கைவந்தது அந்தப் பத்து சென்ட் கிடைத்த பிறகுதான் என்று சொல்வது மிகையாகாது. பிற்காலத்தில் கேரளம் கல்வியிலும் சுகாதாரத்திலும் அடைந்த முன்னேற்றத்தைப் பற்றி ஆராய்ந்தோர் பலரும் இந்தச் சட்டத்தை அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறார்கள்.

இந்தியாவின் அரசியல் சட்ட வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. அத்திருத்தச் சட்டங்களால் பாதிக்கப்பட்ட காசர்கோட்டு எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி சுவாமிகள் சுப்ரீம் கோர்ட்டில் தொடுத்த வழக்கு, 13 நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் விசாரணைக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைப் பாராளுமன்றமும் மாற்றலாகாது என்ற மகத்தான தீர்ப்பு 1973 ஏப்ரல் 24-ஆம் தேதி பிறந்தது அவ்வழக்கில்தான். ஒரு மாநில சட்டமன்றத்தில், குடிசைவாசிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட ஷரத்துகள், நாடு முழுவதற்கும் ஆதாரமான ஒரு நியாயம் பிறப்பதற்கு நிமித்தமாயின.

அச்சட்டத்தின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. தேயிலை, காப்பி, ரப்பர்த் தோட்டங்கள் உச்சவரம்பிலிருந்து விலக்கப்பட்டன. குத்தகைக்காரர் நிலம் பெற்றார். ஆனால் அந்த வயலில் இறங்கி நாற்று நட்டு அறுவடை செய்த தலித் கூலியாட்களில் மிகப் பலருக்குக் குடிசை மனைக்கு மேல் ஒன்றும் கிட்டவில்லை. மலைநாட்டு ஆதிவாசிகளின் நிலமோ, சட்டம் இருந்தும் பிறர் கைக்குப் போய்க்கொண்டேயிருந்தது. இந்தக் கடைசிக் குறையின் முன்னே கௌரி அம்மா பின்னாளில் தனியாக நிற்க நேர்ந்தது.

கட்சி விலக்கியும் தொகுதி விலக்கவில்லை

1980, 1982, 1987, 1991 ஆகிய தேர்தல்களில் அரூர் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1980-இல் அமைந்த ஈ. கே. நாயனார் மந்திரிசபையில் விவசாயமும் சமூக நலமும் அவர் வசம் இருந்தன. 1987-இல் கேரளத்தைக் கௌரி ஆள்வார் என்னும் பொருள்பட்ட கோஷம் இடதுசாரிகளின் பிரசாரத்தில் ஊரெங்கும் ஒலித்தது. தேர்தல் முடிந்தபின் முதன்மந்திரிப் பதவி நாயனாருக்கே போயிற்று. பிற்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரு பெண்மணி முதன்மந்திரியாகும் வாய்ப்பு அன்று நழுவியது. கேரளம் இன்றுவரை ஒரு பெண் முதன்மந்திரியைக் கண்டதில்லை. தொழில் இலாகாவை ஏற்றுக்கொண்ட அவர் அந்தப் பொறுப்பிலும் சோர்வின்றி உழைத்தார். நாட்டின் முன்னோடித் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் திருவனந்தபுரத்தில் 1990-இல் உருவானது அவர் தொழில் மந்திரியாக இருந்த காலத்தில்.

அபிப்பிராய பேதங்கள் முற்றி, 1994 ஜனவரியில் மார்க்சிஸ்டுக் கட்சி அவரை வெளியேற்றியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்த இயக்கம் கைவிட்டபோது அவருக்கு 74 வயது. அந்த வயதில் அவர் ஜனாதிபத்திய சம்ரட்சண சமிதி என்ற புதிய கட்சியைத் தொடங்கி, 1996-இல் தம்முடைய பழைய கட்சியின் அபேட்சகரையே எதிர்த்து அரூரில் வென்றார், 2001-இலும் வென்றார். கட்சிச் சின்னத்துக்கே வாக்கு விழுகிறது, ஆளுக்கு விழுவதில்லை என்று நம்புவோர் அரூரின் இந்த இரண்டு முடிவுகளையும் சிந்தித்துப் பார்க்க வேண்டும். 2001-இல் அமைந்த ஏ. கே. அந்தோனி மந்திரிசபையிலும், பின்னர் உம்மன் சாண்டி மந்திரிசபையிலும் அவர் விவசாய மந்திரியாக இருந்தார். அந்தோனி அப்போது சட்டமன்றத்தில் பிரதிநிதித்துவம் வகித்த தொகுதி, கௌரி அம்மா தம் முதல் வெற்றியைக் கண்ட சேர்த்தலை.

1996 செப்டம்பரில் நடந்த ஒரு வாக்கெடுப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆதிவாசிகள் இழந்த நிலங்களை மீட்டுத் தருவதற்காக 1975-இல் இயற்றப்பட்ட சட்டம் ஏட்டளவிலேயே கிடந்தது. அதை நடைமுறைப்படுத்துவதற்குப் பதிலாக, 1986 வரை நடந்த கைமாற்றங்களைச் செல்லுபடியாக்கும் ஒரு திருத்த மசோதாவை ஆளும் அணி கொணர்ந்தது, எதிரணியும் ஆதரித்தது. குடியேறிய விவசாயிகளின் வாக்கு இரு தரப்புக்கும் வேண்டியிருந்தது. ஆதிவாசிகளோ எண்ணிக்கையில் சிறுபான்மையோர். 140 உறுப்பினர் கொண்ட அந்த அவையில் மசோதாவை எதிர்த்து வாக்களித்தவர் கௌரி அம்மா ஒருவரே. அரூர்த் தொகுதியில் அந்த வாக்கினால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. பின்னர் ஜனாதிபதி அம்மசோதாவுக்குச் சம்மதம் தர மறுத்தார்.

2006-இல், 87-ஆவது வயதை எட்டவிருந்த நிலையில், அரூரில் மார்க்சிஸ்டுக் கட்சியின் ஏ. எம். ஆரிப்பிடம் தோற்றார். 2011-இல் மீண்டும் சேர்த்தலைக்கே வந்து நின்று, பி. திலோத்தமனிடம் தோல்வியடைந்தார். வெற்றியின்போது வாக்காளரைப் புகழ்வதும் தோல்வியின்போது இகழ்வதும் அரசியல்வாதிகளுக்கு இயல்பு. அவர் அதே மக்களிடம் அந்த முதுமையிலும் திரும்பத் திரும்பச் சென்றதில், தேர்தல் என்பது மக்களிடம் கணக்கு ஒப்புவிக்கும் கடமை என்ற நம்பிக்கை புலனாகிறது. அவருடைய சுயசரிதை 2011-ஆம் ஆண்டுக்கான கேரள சாகித்ய அகாடமி விருதைப் பெற்றது. 2021 மே 11-ஆம் தேதி, 101 வயது நிறைந்தவராய், திருவனந்தபுரத்தில் காலமானார். புன்னப்பிரா-வயலார்த் தியாகிகளும் கிருஷ்ண பிள்ளையும் டி. வி. தாமஸும் அடங்கியுள்ள ஆலப்புழை வலிய சுடுகாட்டில் அரசாங்க மரியாதையுடன் அவருக்குத் தகனம் நடந்தது.

நம்முடைய பத்திரிகைகள் தேர்தல் வரும்போதெல்லாம் வாக்கு வித்தியாசங்களை அட்டவணை போட்டு வெளியிடுகின்றன, அது தேவைதான். அவற்றோடு, இந்த உறுப்பினர் அவையில் எந்த மசோதாவைக் கொணர்ந்தார், எந்த ஷரத்தின்மேல் பேசினார், எந்த வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் கையுயர்த்தினார் என்னும் விவரங்களையும் அச்சிட்டு வாக்காளரின் கையில் கொடுப்பது ஜனநாயகத்துக்குச் செய்யும் மெய்யான தொண்டாகும். கௌரி அம்மாவுக்கு அப்படியோர் அட்டவணை எழுதினால், அதில் 1969-ஆம் ஆண்டின் சட்டம் அவருடைய 13 வெற்றிகளுக்கும் மேலே நிற்கும். 1996-ஆம் ஆண்டின் அந்த ஒற்றை வாக்கு, அவர் பெற்ற எல்லா வாக்குகளுக்கும் அவர் தகுதியுடையவராக இருந்தார் என்பதற்குச் சாட்சி சொல்லும்.